டப்பா காலியாகத் திரும்பக் கூடாது

2001இல் சிங்கப்பூரில் இருந்த தம்பியைப் பார்க்கப் போவதற்காகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் ஓர் இடத்தில் பேனா நின்றுவிட்டது. என்னை அறிந்த இரண்டு பேருடைய பெயரும் முகவரியும் கேட்டிருந்தார்கள். கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரிக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. யோசித்து யோசித்து, வீட்டு ஓனரம்மா பெயரையும் மாவு மில்காரர் பெயரையும் எழுதினேன். மாவு மில்காரருக்கு என் பெயர் தெரியாது. அவரைப் பொறுத்தவரை நான் "புதன்கிழமை கோதுமை".

பழனியில் இருந்தவரை எனக்குத் தோழிகளுக்குப் பஞ்சமே இல்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்து முடிப்பதற்குள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துவிட்டோம். பெண்களுக்கு இது நடக்கிறதுதானே என்று யாரும் இதை ஓர் இழப்பாகவே எண்ணுவதில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் நான்கு தெரு தள்ளி அப்படியே இருந்தார்கள். எனக்குத்தான் ஆள் சேரவில்லை, குணம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

2002இல் பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரை ஸ்டேஷன் வரை, ஒன்றேகால் மணி நேரம், லேடீஸ் கம்பார்ட்மெண்ட். முதல் நாள் காலியாகத் தெரிந்த இடத்தில் உட்காரப் போனேன். ஜன்னலோரத்தில் இருந்தவர் கர்சீப்பைத் தட்டிக் காட்டினார். "ஏம்மா, புதுசா? இது டீச்சர் எடம். தாம்பரத்துல ஏறுவாங்க, கிண்டில எறங்கிடுவாங்க. அப்புறம் உக்காந்துக்கோ."

அவர்தான் மறைமலைநகர் அக்கா. அந்தப் பெட்டியில் பாதிப் பேருக்கு ஊர்தான் பெயர், மீதிப் பேருக்கு வேலை. பொத்தேரியில் ஏறி பார்க்கில் இறங்கும் நர்ஸ் எல்லாருக்கும் "சிஸ்டர்". டீச்சர் டீச்சர்தான். நான் சில நாளில் "கணக்கு" ஆனேன். அக்காவின் உண்மைப் பெயர் எனக்குத் தெரிய ஏழு மாதம் ஆனது, அதுவும் அவர் மகன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து.

இதையெல்லாம் நான் அப்போது யோசித்ததில்லை. பல வருஷம் கழித்து என் மகள் எம்.எஸ்சி. உளவியல் படித்தபோது, பரீட்சைக்கு அவளை ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு மொச்சை உரிப்பேன். கேட்கக் கேட்க, இது நம்ம வண்டிக் கதை ஆச்சே என்று தோன்றும். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பேர் நெருங்கிய நண்பர்களாக ஏறத்தாழ 200 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கண்டிருந்தார். சாதாரணப் பழக்கத்துக்கே 50 மணி. கணக்குக்காரி ஆயிற்றே, உடனே போட்டுப் பார்த்தேன். ஒன்றேகால் மணி வீதம் 160 காலை. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். அக்காவின் பெயர் தெரிந்தது ஏழாவது மாதம்!

கூடுவாஞ்சேரித் தெருவில் என்னைப் போலவே படித்த, என்னைப் போலவே சிறு குழந்தை வைத்திருந்த பெண்கள் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். அவர்களோடு 160 காலை உட்கார எனக்கு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். நமக்கு ஒத்துப்போகிறவரைத் தேடிப் பிடிக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1974இல் மேடி சீகல் என்ற சமூகவியலாளர் மேரிலாந்து மாநிலப் போலீஸ் பயிற்சியில் இருந்தவர்களிடம் யார் உங்கள் சிநேகிதர் என்று கேட்டார். அகர வரிசைப்படி இடம் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். பலர் சொன்னது தன் பெயருக்கு அடுத்தடுத்த எழுத்துக்காரர்களை. மதம், வயது, பொழுதுபோக்கு எதையும்விட எழுத்து வரிசைதான் சரியாக ஊகிக்க உதவியது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் எனக்கு முன்னாலும் பின்னாலும் இருந்தவர்கள்தான் என் பழனித் தோழிகள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது புது ஊருக்குப் போகிற பெண்கள் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். நல்ல ஆள் தேடாதே, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தினமும் உட்கார ஒரு வழி தேடு. தையல் வகுப்போ, கோயில் பிரகாரமோ, பிள்ளையைக் கொண்டுபோய் விடும் வேன் நிற்கிற முக்கோ. என்றைக்காவது ஒருநாள் ஹோட்டலில் சந்தித்து மூன்று மணி நேரம் பேசுவதைவிட இது வேலை செய்கிறது.

ஆனால் நேரம் மட்டும் போதாது. அதே வண்டியில் ஒரு கல்லூரிப் பெண் மூன்று வருஷம் எதிரே உட்கார்ந்து வந்தாள், அவள் முகம்கூட இப்போது நினைவில்லை. ஏதாவது கை மாற வேண்டும்.

எங்களுக்குள் முதலில் கை மாறியது ஒரு சேஃப்டி பின். என் புடவை மடிப்பு சரிந்திருந்ததைப் பார்த்து சிஸ்டர் தன் வளையலில் மாட்டியிருந்ததைக் கழற்றித் தந்தார். அடுத்த வாரம் நான் அவருக்கு ஒரு பிடி கறிவேப்பிலை. பிறகு தண்ணீர், தலைவலி மாத்திரை, எலுமிச்சை ஊறுகாய் போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அந்த டப்பாவைக் கழுவி வெறுமனே தர மனம் வராது, நம் வீடுகளில் அப்படிக் கொடுக்கவும் மாட்டோம். இரண்டு முறுக்காவது போட்டுத்தான் திரும்பும். முறுக்குக்குப் பதிலாக அதிரசம் வரும். "நீங்க" என்பது "நீ" ஆனதும் இந்த டப்பாப் போக்குவரத்தில்தான், எந்த நாள் என்று சொல்ல முடியாது.

மகள் பாடத்தில் வௌவால் கதை வந்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மத்திய, தென் அமெரிக்காவில் ரத்தம் குடிக்கும் வௌவால்கள் இருக்கின்றன. தொடர்ந்து இரண்டு மூன்று இரவு இரை கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும். 1984இல் ஜெரால்டு வில்கின்சன் என்ற விலங்கியலாளர் கோஸ்டா ரிகாவில் பார்த்து எழுதியது இது: வயிறு நிறைந்த வௌவால், பட்டினி கிடந்த வௌவாலுக்குத் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுகிறது. சொந்தக் குட்டிக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் தொங்கிப் பழகிய அந்நியத்துக்கும். அப்படியானால் முன்பின் தெரியாத இரண்டு வௌவால்கள் எப்படிப் பழக ஆரம்பிக்கும்? ஜெரால்டு கார்ட்டரும் சகாக்களும் வேறு வேறு இடத்தில் பிடித்தவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து 2020இல் எழுதினார்கள். எடுத்ததும் ரத்தம் கொடுப்பதில்லை. முதலில் ஒன்றையொன்று நக்கி, கோதிச் சுத்தம் செய்கின்றன. அது சில காலம் நடந்த பிறகு சில ஜோடிகள் உணவு கொடுக்கும் அளவுக்குப் போகின்றன. முதலில் சேஃப்டி பின், பிறகுதான் ஐயாயிரம் ரூபாய், அந்தக் கதை பின்னால் வருகிறது.

கோதிவிடுவது என்றதும் எனக்குப் பழனி அடிவாரத்துக் குரங்குகள் ஞாபகம் வரும். மத்தியான வெயிலில் ஒன்று குப்புறப் படுத்திருக்கும், இன்னொன்று பேன் பார்க்கும். அதே நேரம் எங்கள் திண்ணையில் அத்தை மடியில் நான் தலை வைத்துப் படுத்திருப்பேன், அத்தை ஈர் எடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். பேனே இல்லாத நாளிலும் பார்ப்பார். குரங்கும் அப்படித்தான். சில இனங்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை இதற்கே செலவழிக்கின்றன. அவ்வளவு நேரத்துக்கு அங்கே பேன் கிடையாது. கோதும்போது உடம்பில் எண்டார்ஃபின் என்ற, வலியைக் குறைக்கும் ரசாயனம் சுரந்து ஒரு கிறக்கம் வருகிறது, கோதியவர் மேல் நம்பிக்கை ஒட்டிக்கொள்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ராபின் டன்பார் என்ற பரிணாம உளவியலாளர் சொல்வது, மனிதக் கூட்டம் பெரிதானபோது ஒவ்வொருவரையும் தொட்டுக் கோத நேரம் போதவில்லை, அந்த இடத்தைப் பேச்சும் சிரிப்பும் பாட்டும் பிடித்துக்கொண்டன என்று. கை ஒரு தலையைத்தான் கோதும், ஒரு வம்புப் பேச்சு நாலு பேரைக் கோதும். சேர்ந்து சிரித்த பிறகு வலி தாங்கும் சக்தி கூடுகிறது என்று அவரும் சகாக்களும் சோதித்தும் காட்டியிருக்கிறார்கள்.

வம்பு பேசுகிறார்கள் என்று லேடீஸ் கம்பார்ட்மெண்டைக் கேலி செய்யாத ஆம்பிளை உண்டா? மல்லிகைப் பூ கட்டிக்கொண்டும் அவரைக்காய் நறுக்கிக்கொண்டும் நாங்கள் பேசியதில் பாதி, யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்பதுதான். எந்த டாக்டர் தேவையில்லாமல் ஸ்கேன் எழுதுவார், எந்தக் கடையில் எடை குறையும், எந்த மேனேஜர் கையைப் பிடிப்பான். அந்தப் பேச்சு பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

இதே டன்பார் சொன்ன 150 என்ற எண்ணையும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். குரங்கினங்களின் மூளை அளவை வைத்து ஒரு மனிதர் தாங்கக்கூடிய உறவுகள் 150 என்று 1990களில் கணித்தார். 2021இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் அதே வழியில் மறுபடி கணக்குப் போட்டு, இப்படி ஒரே எண்ணைச் சொல்லவே முடியாது என்றார்கள். எனக்கு 150 பேரைப் பற்றிக் கவலை இல்லை. உள்வட்டத்தில் ஐந்து பேருக்கு மேல் தாங்காது என்று அவர் சொல்வது மட்டும் என் அனுபவத்தில் சரி. ஆறாவது ஆள் நெருங்கினால் யாரோ ஒருவர் ஃபோன் எடுக்கப்படாமல் போகிறது.

இனி நான் செய்த தப்பு. 2008இல் மகள் பள்ளிக் கட்டணத்துக்கு ஐயாயிரம் குறைந்தது. நான் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே சிஸ்டர் கொண்டுவந்து தந்தார். எனக்குத் தூக்கம் வரவில்லை. கடன் என்றாலே எங்கள் வீட்டில் பயம். அடுத்த திங்களே ஒரு வளையலை அடகு வைத்து, பணத்தை உறையில் போட்டு நீட்டினேன். "எண்ணிப் பாத்துக்கோங்க சிஸ்டர்" என்றேன். வாயில் "நீங்க" வந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அவர் எண்ணவில்லை. "நான் என்ன வட்டிக்கா விட்டேன்?" என்றவர், மறுநாளிலிருந்து அடுத்த பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஏறத்தாழ நான்கு மாதம்.

எனக்குப் புரியவே இல்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது குற்றமா? 1979இல் மார்கரெட் கிளார்க், ஜட்சன் மில்ஸ் என்ற இருவர் செய்த சோதனையில் இதற்குப் பதில் இருக்கிறது. உதவி செய்தவருக்கு உடனே ஈடாக ஒன்று கொடுக்கப்பட்டது. வெறும் கொடுக்கல் வாங்கலாக நினைத்தவர்களுக்கு அது பிடித்திருந்தது. எதிராளியோடு நெருங்கிப் பழக நினைத்தவர்களுக்கு, உடனே ஈடு செய்தவர் மேல் விருப்பம் குறைந்துவிட்டது. கடைக்காரரிடம்தான் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுப்போம். நான் சிஸ்டரைக் கடைக்காரராக்கிவிட்டேன்.

டப்பா ஏன் காலியாகத் திரும்புவதில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதிரசத்துக்கு ஈடாக முறுக்கு என்று அது கணக்கைத் தீர்ப்பதில்லை. முறுக்கு போனதும் இப்போது எதிர்வீட்டு முறை ஆகிவிடுகிறது. யார் யாருக்குப் பாக்கி என்பது ஒருநாளும் சமனாகாது. சமனானால் அன்றோடு போக்குவரத்து நின்றுவிடும். நம் பாட்டிகள் ஆய்வு செய்யவில்லை, பாத்திரத்தைக் காலியாக அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தார்கள்.

சமாதானம் ஆனதும் பாக்கியால்தான். மாமியாருக்குச் சர்க்கரை நோயால் காலில் புண், கட்டு மாற்ற ஆள் இல்லை. வெட்கத்தை விட்டு அவர் முன்னால் போய் நின்று, "ஞாயித்துக்கெழம வந்து பாப்பியா?" என்றேன். நான் மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் இறங்கியிருக்க மாட்டார். உதவி கேட்டால் நம்மைப் பிடிக்காமல் போய்விடும் என்று பயப்படுகிறோம், பெரும்பாலும் தலைகீழ். உதவி செய்தவருக்கும் பாசம் கூடுவது உண்டு.

இதைப் படித்துவிட்டு யாரும் கடனைத் திருப்பாமல் இருந்துவிடாதீர்கள். எங்கள் வண்டியிலேயே சீட்டுப் பணம் பிடித்த ஒருத்தி 2011இல் ஏறத்தாழ இருபது பேர் பணத்தோடு காணாமல் போனாள். எனக்கு 12,000 போயிற்று. அன்று பெட்டியே கொதித்தது. பணம் போகாதவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். 1971இல் ராபர்ட் டிரைவர்ஸ் என்ற உயிரியலாளர், உறவல்லாதவர்கள் ஏன் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள் என்று எழுதியபோது, நன்றி, குற்ற உணர்வு, அநியாயத்தைக் கண்டு வரும் கோபம் எல்லாமே ஏமாற்றுக்காரரிடமிருந்து கொடுக்கல் வாங்கலைக் காக்கப் பரிணாமம் கொடுத்த கருவிகள் என்றார். அந்தக் கொதிப்பு வீண் இல்லை. பெரிய தொகை என்றால் வாங்கும்போதே தேதி சொல்லிவிடுவேன், அந்தத் தேதியில் கொடுத்தும் விடுவேன். சில்லறை விஷயங்களைத்தான் தீர்ப்பதில்லை.

2013இல் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். சொந்தக்காரர்கள் ஆப்பிள், ஹார்லிக்ஸோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா வந்தவர் பழம் வாங்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தார். டீச்சர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். சிஸ்டர் பதினோரு நாள், வேலைக்குப் போகும் வழியில் இறங்கி ஏறினார்.

எதற்காக? ஜான் டூபி, லீடா காஸ்மிடஸ் என்ற ஆய்வுத் தம்பதியர் 1996இல் ஒரு புதிரை எழுதினார்கள். பேங்க் யாருக்குக் கடன் கொடுக்கும்? திருப்பிக் கட்ட வசதி இருப்பவனுக்கு, அதாவது கடன் அவ்வளவாகத் தேவைப்படாதவனுக்கு. ஆதி மனிதன் கால் உடைந்து கிடந்தபோது அவனும் அப்படித்தான், திருப்பித் தர முடியாதவன். கணக்குப் பார்த்தால் யாரும் அவனுக்குச் சோறு போட மாட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்திலும் கைவிட மனம் வராதபடி சிலருக்காவது ஈடு இல்லாத ஆளாக இருந்தவனே பிழைத்தான், நட்பு என்ற உணர்ச்சி அதிலிருந்து வளர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

நான் யாருக்கு ஈடு இல்லாதவள்? பின்னாளில் இதைக் கேட்டபோது அந்தப் படுக்கை நாட்களை நினைத்து யோசித்தேன். விடை சாதாரணமானது. பெட்டியில் எல்லாருக்கும் படிவம் நிரப்புவது நான். பி.எஃப்., ரேஷன் கார்டு, பள்ளிச் சேர்க்கை, எல்.ஐ.சி. ஒருமுறை அக்கா சொன்னார், "நீ இல்லாத வாரம் மூணு ஃபார்ம் தப்பாப் போச்சுடி." அழகோ, அன்பான பேச்சோ எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு சின்ன வேலை என் பெயரில் இருந்தது. நட்பு கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்களிடம் நான் கேட்பதும் இதுதான், அந்தக் கூட்டத்தில் உங்கள் பெயரில் எந்த வேலை இருக்கிறது?

2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தைச் சுற்றி ஊரே மிதந்தது, வண்டி நின்றுபோனது. மறுபடி ஓடியபோது பெட்டியே மாறியிருந்தது. அதுவரை அடுத்த பக்கத்துக்காரர்களிடம் இடத்துக்காகச் சண்டை போட்டவர்கள் நாங்கள். முடிச்சூரில் வீடு மூழ்கிய பெண்ணுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சேர்ந்து பாய், தலையணை, குக்கர் சேர்த்தோம். அதன் பிறகு பக்கம் என்பதே இல்லாமல் போனது. இதற்கும் ஒரு குரங்குக் கதை உண்டு. 1938இல் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுபோன செம்முகக் குரங்குகளின் வாரிசுகள் போர்ட்டோ ரிகோவை ஒட்டிய காயோ சாண்டியாகோ தீவில் வாழ்கின்றன. 2017இல் மரியா சூறாவளி அங்கே மரங்களைப் பெருமளவு அழித்துவிட்டது. குரங்குகள் பழைய சிநேகிதர்களை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். அவை புதிதாகப் பலரோடு சேர்ந்தன. கொஞ்சநஞ்சம் இருந்த நிழலில் சண்டை இல்லாமல் உட்கார அது தேவைப்பட்டது.

2020 மார்ச்சில் வண்டி மொத்தமாக நின்றது. எங்கள் கம்பெனி பாதி ஆளைக் குறைத்து, மீதிப் பேரை வீட்டிலிருந்தே எழுதச் சொன்னது. வாட்ஸ்அப் குழுவில் சில நாள் கஷாயக் குறிப்பு, பிறகு காலை வணக்கப் படங்கள், பிறகு அதுவும் இல்லை. பதினெட்டு வருஷப் பழக்கம் ஒரு வருஷத்தில் இப்படி ஆகுமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. யோசித்தால், நாங்கள் யாரும் யாரையும் தேடிப் போனதே இல்லை, வண்டிதான் எங்களைத் தினமும் சேர்த்து வைத்தது. அது நின்ற பிறகு யாராவது அதன் வேலையைச் செய்திருக்க வேண்டும்.

சிஸ்டரைக் கூப்பிட இரண்டு வருஷம் தயங்கினேன். கொரோனா வார்டில் வேலை பார்த்தவளை அப்போது விசாரிக்காமல் இப்போது எந்த முகத்தோடு? மகள்தான் சொன்னாள், 2022இல் பெக்கி லியூ என்ற ஆய்வாளரும் சகாக்களும் இதையே சோதித்திருக்கிறார்கள், சும்மா விசாரித்து அனுப்பும் ஒரு செய்தி எதிராளிக்கு எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதை அனுப்புகிறவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், எதிர்பாராமல் வந்தால் சந்தோஷம் இன்னும் அதிகம் என்று. சரி என்று ஒரு மத்தியானம் கூப்பிட்டேன்.

"யாரு?"

"கணக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பாவி, உயிரோடதான் இருக்கியா?" என்று ஆரம்பித்து நாற்பது நிமிஷம். காரணம் வைத்துக் கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். இப்போது மாதத்துக்கு ஒரு செவ்வாய், கேலண்டரில் வட்டம் போட்டு, காரணம் இல்லாமல் கூப்பிடுகிறேன். அக்காவுக்கு ஒரு செவ்வாய், டீச்சருக்கு ஒரு செவ்வாய். சிரிக்காதீர்கள், வட்டம் போடாவிட்டால் நடக்காது.

போன வாரம் பேசும்போது சிஸ்டர் கேட்டாள், "என் ஊறுகா டப்பா ஒண்ணு ஒங்கிட்ட இருக்குமே, மூடில பேரு வெட்டினது?" தெரியலையே என்று சொல்லிவிட்டேன். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, வெந்தயம் போட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வருகிறாள். வெந்தயத்தை வேறு எதிலாவது கொட்டிவிட்டுப் புளிக்காய்ச்சல் செய்ய வேண்டும். நல்லெண்ணெய் தீர்ந்திருக்கிறது.